கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலி

கொஞ்ச நாளாக நான் நோயாளி. பயப்படாதீங்க... உடம்புக்கு ஒன்றுமில்லை.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் போய்க் கட்டிலில் படுத்துக்கொள்வேன். எதிரே ஒரு ஸ்டூல். ஸ்டூல் மேல் ஊறுகாய் பாட்டில். பாட்டிலில் சாய்த்து வைத்த செல்போன். செல்போனுக்குள் பியூலா. அவள் இருப்பது இங்கிலாந்தில். எங்களுக்கு மத்தியானம் என்றால் அவளுக்குக் காலை.

"ஹலோ, என் பேரு பியூலா. இன்னைக்கு உங்களைக் கவனிச்சுக்கப்போற நர்ஸ் நான்தான். உங்களை எப்படிக் கூப்பிட்டா உங்களுக்குப் பிடிக்கும்?"

இதையெல்லாம் இங்கிலீஷில் கேட்டாள். முதல் நாள் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏட்டி, கோட்டியா பிடிச்சிருக்கு ஒனக்கு? எப்பவும் போல சித்தப்பான்னு கூப்பிடு."

"சித்தப்பா... இது பரீட்சைக்குப் பிராக்டிஸ். நீங்க பேஷண்ட். பேஷண்ட் மாதிரிப் பேசுங்க."

பேஷண்ட் மாதிரி என்றால் எப்படி? இரண்டு தடவை முனகிக் காட்டினேன். குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர்கள் விரதம் இருந்து கட்டுவார்கள். நான் மீன்குழம்பும் ஏப்பமுமாக நோயாளி வேஷம் கட்டினேன்.

பியூலா என் மனைவி ரூபியின் அக்கா மகள். பாளையங்கோட்டையிலேயே நர்சிங் படித்து, இங்கேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். ஊசி போட்டால் போட்டதே தெரியாது என்று பேர் வாங்கியவள். புருஷன் சாம்சன் இங்கே வண்ணார்பேட்டையில் ஒரு டைல்ஸ் கடையில் சூப்பர்வைசர். ஒன்றாம் வகுப்பு படிக்கிற மகள் ஒருத்தி... ஜெனி. அவர்களை இங்கே விட்டுவிட்டு, கொஞ்ச நாளில் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிப் போன வருஷம் விமானம் ஏறினாள்.

போய் இறங்கியதும் நர்ஸ் ஆகிவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அங்கே அப்படி இல்லையாம். எழுத்துப் பரீட்சையை இங்கேயே முடித்துவிட்டாள். அங்கே போனபிறகு ஒரு செய்முறைப் பரீட்சை. அதில் தேறும்வரை வார்டில் உதவியாளர் வேலைதான். கட்டிலுக்கு விரிப்பு மாற்றலாம், நோயாளியைக் குளிப்பாட்டலாம், சோறு ஊட்டலாம். மாத்திரை? ம்ஹூம்.

"மாத்திரை டப்பாவத் தொட விடமாட்டேங்காவ சித்தப்பா. நான் புதுசா வார நர்ஸ் பிள்ளைகளுக்கெல்லாம் டிரெயினிங் குடுத்தவ..." என்று ஒருநாள் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாள். யூனிஃபார்ம்கூட வேற நிறம். வீடியோவில் பார்த்த ஜெனி கேட்டிருக்கிறாள், "அம்மா, உன் நர்ஸ் டிரெஸ் எங்க? தொலைச்சிட்டியா?"

அந்தப் பரீட்சையில் பியூலா முதல் தடவை ஃபெயில்.

நம்புவீர்களா? பதினோரு வருஷ நர்ஸ், நர்ஸ் பரீட்சையில் ஃபெயில்! காரணத்தைக் கேட்டால் நீங்களும் என்னைப்போலச் சிரிப்பீர்கள். அப்புறம் சிரித்ததற்கு வருத்தப்படுவீர்கள்.

அதைச் சொல்வதற்கு முன்னால் நம்ம ஊர் ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை. உங்களுக்குத் தெரியாததா?

நம்ம ஊரில் நோயாளி தனியாக ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா? போனால் சேர்ப்பார்களா? முதல் கேள்வியே "கூட யாரு வந்திருக்கா?" என்பதுதான். நோயாளி கட்டிலில் கிடப்பார். கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் முக்கியஸ்தர். மருந்து வாங்கி வருவது அவர், ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பது அவர், ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் பிடித்து வருவது அவர். டாக்டர் பேசுவது அவரிடம். நர்ஸ் கேட்பது அவரிடம். நோயாளியிடம் யாராவது ஏதாவது கேட்பார்களா? எதற்குக் கேட்க வேண்டும்... அவருக்குத்தான் உடம்பு சரியில்லையே!

இரண்டு வருஷத்துக்கு முன் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. அதைப்பற்றி நான் வாராவாரம் எழுதும் இந்தப் பக்கத்திலேயே விலாவாரியாக எழுதி உங்களை அறுத்திருக்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் அப்போது எழுதவில்லை. வெட்கம். இப்போது எழுதுகிறேன்.

ஆபரேஷனுக்கு மறுநாள் நர்ஸ் வந்தார். நான் முழித்துக்கொண்டுதான் கிடந்தேன். என்னைத் தாண்டி ரூபியைப் பார்த்துக் கேட்டார்.

"ஐயாவுக்குக் காத்துப் பிரிஞ்சுதாம்மா?"

ரூபி யோசிக்கவே இல்லை.

"இன்னும் இல்ல சிஸ்டர்."

அந்தம்மா எழுதிக்கொண்டு போய்விட்டார்! என் வயிறு, என் காற்று... என்னைக் கேட்க ஒரு நாதி இல்லை. இதில் கொடுமை என்னவென்றால், ரூபி சொன்னது சரிதான்.

ரூபியை உங்களுக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தப் பக்கத்தில் அவள் வராத வாரம் குறைவு. நான் எப்போது மாத்திரை போட்டேன், எதைச் சாப்பிட்டால் எனக்கு ஆகாது, எந்தப் பக்கம் படுத்தால் குறட்டை... எல்லாம் அவளுக்கு அத்துப்படி. எனக்கு என்னைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டும் என்றால் அவளைத்தான் கேட்க வேண்டும்.

இப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகளில் பதினோரு வருஷம் பழகிய பியூலா, அங்கே பரீட்சை அறைக்குள் போகிறாள்.

கட்டிலில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. நிஜ நோயாளி இல்லை... நோயாளியாக நடிக்க வந்தவர். கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு நாற்காலி. நாற்காலியில் ஒரு ஆள், மடியில் அட்டை, கையில் பேனா. அவர்தான் பரீட்சை அதிகாரி. அவரிடம் பேசக் கூடாது, அவர் அங்கே இல்லாத மாதிரி நடந்துகொள்ள வேண்டும். இதெல்லாம் பியூலாவுக்குச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். அவளுக்குத் தெரியும்.

தெரிந்து என்ன பிரயோசனம்? பதற்றம். கை தன்னால் ஓடுகிறது. பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கையைப் பிடித்து நாடி பார்த்தாள், பிரஷர் பார்த்தாள். எல்லாம் கச்சிதம். நிமிர்ந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் கவலையாக உட்கார்ந்திருக்கிறார்.

அவ்வளவுதான்.

"அவங்க சாப்பிட்டாங்களா? மோஷன் போச்சா? ராத்திரி தூங்கினாங்களா?" என்று அந்த மனுஷனைப் பார்த்து வரிசையாகக் கேட்டிருக்கிறாள், இங்கிலீஷில்.

அந்த ஆள் பதில் சொல்லவில்லை. முகம் ஒரு மாதிரி ஆகியிருக்கிறது. பாவம், அம்மாவை நினைத்துக் கலங்குகிறார் போல என்று நம்ம பியூலா பக்கத்தில் போய்...

"கவலைப்படாதீங்க. அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது."

பரீட்சை அதிகாரிக்கு ஆறுதல் சொன்ன முதல் ஆள் இந்த உலகத்திலேயே எங்கள் பியூலாதான்.

போனில் இதைச் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம்தான் தெரிந்தது... அழுகிறாள். ரூபி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அழாதட்டி. தப்பு ஒம்மேல இல்ல. அவன் எதுக்குக் கட்டில் பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காந்தான்? பரீட்சை நடத்துதவன் மேசைகிட்டல்லா உக்காரணும்!"

டீச்சர் புத்தி. என்ன செய்ய?

ஆனால் விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை. மறுபடி பரீட்சைக்குப் போக விடுவார்கள், ஆனால் எத்தனை தடவை வேண்டுமானாலும் இல்லை. வேலை கொடுத்த ஆஸ்பத்திரி "இன்னும் ஒரு தடவை பார்க்கலாம்" என்று தன்மையாகச் சொல்லிவிட்டது. அந்த ஒரு தடவையும் போனால் பியூலா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஊருக்கு வரலாம். பழைய ஆஸ்பத்திரியிலேயே வேலை கொடுப்பார்கள். ஆனால் நர்ஸ் என்று போனவள், நர்ஸ் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டால்... அதற்கப்புறம் ஒரு நோயாளியின் கையைப் பிடிக்கும்போது தன் கைமேலேயே அவளுக்கு நம்பிக்கை இருக்குமா?

அதனால்தான் நான் நோயாளி ஆனேன். சாம்சன் பகலெல்லாம் கடையில். ஜெனி சின்னப் பிள்ளை. வேலை வெட்டி இல்லாமல், எந்நேரமும் படுக்கத் தயாராக இருக்கிற ஒரே உறவுக்காரன் நான்தானே.

தினமும் காலையில் எனக்கு என்ன வியாதி என்று வாட்ஸ்அப்பில் வந்துவிடும். ஒருநாள் ஆஸ்துமா. ஒருநாள் சர்க்கரை, காலில் புண். நான் வாட்ஸ்அப்பைப் பார்த்ததும் ரூபி கேட்பாள், "இன்னைக்கு உங்களுக்கு என்ன?" "மூச்சுத்திணறல்." "அப்பம் சோறு கொஞ்சமா வைக்கேன்."

பிராக்டிஸ் தொடங்கிய இரண்டாம் நாளே பெரிய சிக்கல் ஒன்று தெரிந்துபோனது. பியூலா என்னைக் கேட்பாள், "உங்களுக்கு எங்கயாவது வலி இருக்கா?" நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து குரல் வரும்.

"முதுகு வலி உண்டு. சொல்ல மாட்டாவ!"

பியூலாவின் கண் உடனே அந்தப் பக்கம் திரும்பும். "எப்பம் இருந்து சித்தி?"

"ஒரு வாரமா. அந்தப் பழைய நாற்காலில உக்காந்து எழுதாதீங்கன்னா கேக்காவளா?"

இரண்டு பேரும் என் முதுகைப் பற்றி மும்முரமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் கட்டிலில் கிடந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அசல் நம்ம ஊர் வார்டு!

"ஏட்டி, நீ மறுபடியும் ஃபெயில்" என்றேன்.

பியூலா தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் ஒரு வழி சொன்னாள். "சித்தி, ஒரு நாற்காலியத் தூக்கிட்டு வந்து சித்தப்பா கட்டில் பக்கத்துல உக்காருங்க. கையில ஒரு அட்டை, ஒரு பேனா. நான் என்ன கேட்டாலும் நீங்க வாயே திறக்கக் கூடாது. நான் உங்களப் பாக்கவே கூடாது. எனக்கும் பழகணும்லா."

ரூபி. கட்டிலுக்குப் பக்கத்தில். வாயைத் திறக்காமல்.

பியூலா பாஸாகிறாளோ இல்லையோ, ரூபி இந்தப் பரீட்சையில் தேற மாட்டாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

உட்கார்ந்தாள். மூட்டு வலி, அதனால் காலை நீட்டிக்கொண்டுதான் உட்கார முடியும். பள்ளிக்கூடத்துக் கூலிங்கிளாஸை... மன்னிக்கவும், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பியூலா என்னிடம் "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்க, நான் "இட்லி" என்று சொல்ல, பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிரஷர் குக்கர் விசில் அடிக்கத் தயாராகும்போது வருமே, அந்த மாதிரி. நேற்று தோசை. ஆனால் பேசவில்லை!

நாள் ஆக ஆக எனக்கு ஒரு மாற்றம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். "உங்க கையைத் தொட்டு பிரஷர் பார்க்கலாமா? உங்களுக்குச் சம்மதமா?" என்று ஒருத்தி தினமும் கேட்கிறாள். "இது எதுக்குன்னா..." என்று ஒவ்வொன்றையும் விளக்குகிறாள். "இதுல உங்களுக்குப் புரியாதது ஏதாவது இருக்கா?" என்று பொறுமையாக நிற்கிறாள். என் கையைத் தொட இதுவரை யார் என்னிடம் அனுமதி கேட்டார்கள்? சட்டையைக் கழற்றச் சொல்லும்போதுகூட "கழத்துங்க" என்றுதானே சொல்வார்கள்.

ருசி கண்டுவிட்டேன். மத்தியானம் ஆனால் நானே போய்ப் படுத்துக்கொண்டு போன் வருகிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன். "ரொம்பத்தான் மவுசு" என்று ரூபி முணுமுணுத்தாள்.

அப்படி ஒரு மத்தியானம்தான் அது நடந்தது.

அன்றைக்கு எனக்கு வந்திருந்த வேடம்... மறுநாள் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிற நோயாளி. எல்லாக் கேள்வியும் முடிந்த பிறகு நர்ஸ் கடைசியாக, "உங்க மனசுல ஏதாவது கவலை இருக்கா?" என்று கேட்பாள். நான் சொல்ல வேண்டிய பதிலும் வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. 'வீட்டில் என் பூனை தனியாக இருக்கிறது.' வெள்ளைக்காரர்களின் கவலை பாருங்கள்!

பியூலா கேட்டாள். "மனசுல ஏதாவது கவலை இருக்கா?"

பூனை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. வந்தது வேறு.

"அடுத்த தடவை ஆஸ்பத்திரில கிடக்க வேண்டி வந்தா... இவ இல்லாமப் போயிருந்தா என்னட்டி செய்ய? கூட யாரு வந்திருக்கான்னு கேப்பாவல்லா. நான் யாரைக் காட்டுவேன்?"

தமிழில் சொன்னேன். பட்டென்று சொல்லிவிட்டேன். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. இதை நான் இதுவரை ஒரு ஆளிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. அப்படி ஒரு பயம் எனக்குள் இருந்ததே அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பக்கத்து நாற்காலியைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வேறு நாளாக இருந்தால் ரூபி முதல் வார்த்தையிலேயே குறுக்கே பாய்ந்திருப்பாள். "என்ன பேச்சு இது, வெளங்கும்!" என்று அதட்டி வாயை அடைத்திருப்பாள். அன்றைக்கு அவள் பேசக் கூடாது. பேசவில்லை. அதனால் நான் முழுசாகச் சொல்லி முடித்தேன்.

போனில் பியூலா அசையவில்லை. இது பரீட்சை இல்லை என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் கண்ணைத் திருப்பவில்லை. என்னையே பார்த்தாள். "சொல்லுங்க சித்தப்பா, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள். இங்கிலீஷ் எங்கோ போய்விட்டது. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவசரப்படுத்தவில்லை, சமாதானமும் சொல்லவில்லை.

பின்னால் ஒருநாள் சொன்னாள், "சித்தியப் பாக்கணும்னு கண்ணு துடிச்சுது சித்தப்பா. பாக்கல. பாத்திருந்தா நீங்க நிறுத்தியிருப்பிய."

போனை வைத்த பிறகு ரூபி எழுந்தாள். அட்டையை மேசையில் வைத்தாள். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நான் எங்கயும் போவல. மொதல்ல அந்த பிரஷர் மாத்திரையப் போடுங்க, மறந்தாச்சு இன்னைக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். நிஜமாகவே மறந்துதான் போயிருந்தேன்.

பரீட்சை நாள் வந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. சாம்சன் கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்து வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தான். "உக்காருலே, தரை தேஞ்சிரும்" என்றால் உட்காருவான், மறுநிமிஷம் எழுந்துவிடுவான். ரூபி ஜெபம் பண்ணினாள். நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சாயங்காலம் போன் வந்தது. முடிவு சில நாள் கழித்துத்தான் வருமாம். எப்படிட்டி செஞ்ச என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

"அதே மாதிரி நாற்காலி, அதே மாதிரி ஒரு ஆள். இந்தத் தடவ அந்த ஆளு நடுவுல இருமுதாரு சித்தப்பா! ஒரே இருமல். தண்ணி எடுத்துக் குடுக்கக் கை போயிட்டு. சித்தி அட்டைய வச்சிக்கிட்டு உக்காந்திருந்த முகத்த நெனச்சேன்... கையத் திரும்ப இழுத்துக்கிட்டேன். அந்தம்மாகிட்டயே எல்லாத்தையும் கேட்டேன். கையத் தொடட்டுமான்னு கேட்டேன். அவங்க கவலையையும் கேட்டேன்."

"என்ன கவலையாம்?"

"பூனைதான் சித்தப்பா!"

அதற்கப்புறம் வந்த நாட்களை எப்படி ஓட்டினோம் என்று கேட்காதீர்கள். சாம்சன் ஷேவ் பண்ணவில்லை. ஜெனி மட்டும் நிம்மதியாக இருந்தாள், அம்மா டிரெஸ்ஸைத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்கு நினைப்பு.

ஒரு மத்தியானம் போன் அடித்தது. என் போன் இல்லை, ரூபியின் போன். ஸ்பீக்கரில் போட்டாள். பியூலாவின் குரல்.

"சித்தி... இனிமே நீங்க பேசலாம்."

ரூபி ஒரு நிமிஷம் புரியாமல் என்னைப் பார்த்தாள். புரிந்ததும் ஒரு கத்துக் கத்தினாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். அப்புறம் பேச ஆரம்பித்தாள். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததையும் வட்டியோடு சேர்த்துப் பேசினாள். நான் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுவதற்கு எனக்கு என்ன வெட்கம்?

மறுவாரம் வீடியோவில் பியூலா நர்ஸ் யூனிஃபார்மில் வந்தாள். "கிடைச்சிட்டு!" என்றாள் ஜெனி.

கதை இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். இல்லை.

போன வாரம் பியூலா பேசினாள். அவள் வார்டில் ஒரு வயசானவர். எதைக் கேட்டாலும் "ஃபைன்" என்பாராம். வலி? ஃபைன். தூக்கம்? ஃபைன். சாப்பாடு? ஃபைன். தட்டு மட்டும் அப்படியே திரும்பிப் போகிறது, ஆள் இளைத்துக்கொண்டே போகிறார். முறைப்படி அவரிடம்தான் கேட்டார்கள், அவரும் முறைப்படி பதில் சொன்னார். அவர் மனைவி தினமும் பஸ் பிடித்து வந்து கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பின்னல் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல்.

"எனக்கு வாய் நிக்கல சித்தப்பா. ஆனா ஒழுங்கா அவர்கிட்ட கேட்டேன், 'உங்க மனைவிகிட்ட உங்களப் பத்திப் பேசலாமா?'ன்னு. 'தாராளமா'ன்னாரு. அப்புறந்தான் திரும்பினேன். 'ஐயா ஏன் சாப்பிட மாட்டேங்காரு?'ன்னு கேட்டேன்."

அந்தம்மா பின்னலை மடியில் வைத்துவிட்டாராம். உடம்பு இளைத்ததில் பல்செட் ஆடுகிறது, கடித்தால் ஈறு வலிக்கிறது, அதை வெளியே சொல்ல அவருக்குக் கூச்சம் என்று கடகடவென்று சொல்லியிருக்கிறார். பல்செட்டைச் சரிசெய்கிறவரை மெத்தென்ற சாப்பாடு கொடுக்கச் சொல்லியிருக்கிறாள் பியூலா. இப்போது தட்டு காலியாகத் திரும்புகிறது. வார்டுப் பொறுப்பாளர் அம்மா, "அவங்ககிட்ட கேட்கணும்னு உனக்கு எப்படித் தோணிச்சு?" என்று ஆச்சரியப்பட்டுக் கேட்டாராம்.

"என்னட்டி சொன்ன?"

"எங்க ஊர்ல அப்படித்தான்னேன்."

எந்தப் பழக்கத்தால் ஃபெயில் ஆனாளோ அதே பழக்கம். வரிசையை மட்டும் மாற்றியிருக்கிறாள். முதலில் கட்டில், அப்புறம் நாற்காலி. இதில் எந்த ஊர் வழி உசத்தி என்று என்னைக் கேட்டால்... நான் இரண்டும் வேண்டும் என்கிற பேராசைக்காரன்.

இந்த ஞானத்தோடு முந்தாநாள் ஒரு கிளினிக்குக்குப் போனேன். என் உடம்புக்கு இல்லை, ரூபிக்கு. மூட்டு வலி அதிகமாகிவிட்டது. முதல் தடவையாக அவள் கட்டிலில், நான் நாற்காலியில். ரிப்போர்ட் பை என் மடியில். ஃப்ளாஸ்க் என் காலடியில். முக்கியஸ்தர்!

நர்ஸ் வந்தார். சின்னப் பெண். நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மாவுக்கு எந்தக் காலு ஐயா?"

எந்தக் கால்?

தினமும் என் கண்ணுக்கு முன்னால்தான் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்தக் காலை? வலதா... இடதா? என் காற்றுக்கே கணக்கு வைத்திருந்தவள் கட்டிலிலிருந்து என்னையே பார்க்கிறாள். உதட்டை இறுக்கிக்கொண்டு, வாயே திறக்காமல். பழகிவிட்டாள் அல்லவா!

சட்டென்று பியூலாவின் பரீட்சை கைகொடுத்தது.

"என்னம்மா இது? நோயாளிகிட்டல்லா கேக்கணும்! அவங்க அனுமதி இல்லாம நான் எப்படிச் சொல்ல?" என்றேன் கம்பீரமாக.

அந்தப் பெண் மிரண்டுபோய் ரூபியிடம் திரும்பினார். ரூபி சிரித்த சிரிப்பில் கட்டிலே ஆடியது. அப்புறம் அந்தப் பெண் கேட்கக் கேட்க, ரூபி ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

இடது கால். ஏறும்போது பரவாயில்லை, படி இறங்கும்போதுதான் வலி. காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் மடக்க முடியாது. இனிமேல் யார் வேண்டுமானாலும் என்னைக் கேட்கலாம்... அவள் சம்மதித்தால்.